குழந்தையைப் படிக்கும் படிப்பு

குழந்தை எத்தனை மாதத்தில் நடக்க வேண்டும்? பாட்டியைக் கேட்டால் ஆண்டு நிறைவுக்குள் அடியெடுத்து வைத்துவிட வேண்டும் என்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதமே ஓடியதற்குச் சாட்சி சொல்லவும் ஆள் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கு இதைவிடத் தாராளமானது. பிடிமானம் இல்லாமல் நடப்பது 8.2 மாதத்திலும் வரலாம், 17.6 மாதத்திலும் வரலாம். இரண்டும் இயல்புக்குள்தான். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. அந்தக் கட்டத்தைத் தாண்டி எழுந்து நின்றுவிட்டன.

ஒன்பது மாதத்துக்கும் மேல் நீளும் இந்த இடைவெளிக்குள் எந்தக் குழந்தையைச் சும்மா விடலாம், எந்தக் குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்? இதைப் பிரித்தறியும் கண் சும்மா வராது. அந்தக் கண்ணைப் பழக்கும் முதுகலைப் படிப்புகள் இந்தியாவில் குழந்தை வளர்ச்சி, மனித மேம்பாடு, முன்பருவக் கல்வி என்று பல பெயர்களில் நடக்கின்றன. பெரும்பாலானோர் இவற்றை 'ஹோம் சயின்ஸ்' என்ற ஒரே மூட்டையில் கட்டி, சமையல் வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னையில் ஒருவர் கவனிக்கத் தவறினால் இன்னொருவர் கண்ணில் படும். தெருவுக்கு ஒரு கிளினிக் இருக்கிறது. கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் நிலைமை வேறு. போர்ட் பிளேரின் பெரிய மருத்துவமனைக்குக் கடல்வழியே ஏறத்தாழ 540 கிலோமீட்டர். அங்கன்வாடி டீச்சர் வீணாகச் சந்தேகப்பட்டால் ஒரு குடும்பம் வேலைவெட்டியை விட்டுக் கப்பலேற வேண்டியிருக்கும். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் விட்டுவிட்டால் இழப்பு அதைவிடப் பெரிது. முன்பருவக் கல்விக்கான பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பவர்கள் அந்தமானிலிருந்து தொடங்குவது நல்லது. மற்ற இடங்களில் மறைந்து கிடக்கும் ஓட்டைகள் அங்கே வெளிச்சத்தில் தெரியும்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதற்கு வித்திட்டவற்றுள் ஒன்று, மீனா சுவாமிநாதன் தலைமையில் முன்பருவக் குழந்தைகள் பற்றி ஆராய்ந்த குழு 1972இல் தந்த அறிக்கை. இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகள். அந்தமான் நிக்கோபாரில் எழுநூற்றுச் சொச்சம். எடை பார்ப்பது, சத்துணவு, தடுப்பூசி நாள், கர்ப்பிணிகளின் பதிவேடு, செல்போன் செயலியில் விவரம் ஏற்றுவது என்று எல்லாம் ஒரே பணியாளரின் தலையில். நடுவே கிடைக்கும் நேரத்தில் பாட்டும் கதையும். இத்தனைக்கும் மத்திய அரசின் பார்வையில் அவர் மதிப்பூதியம் பெறும் தொண்டர்தான். 2018 அக்டோபரில் உயர்த்தப்பட்டபோது அந்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய் ஆனது. அதற்கு மேல் தருவது அந்தந்த மாநிலத்தின், யூனியன் பிரதேசத்தின் மனம்.

இவ்வளவு குறைந்த கூலிக்கு முதுகலைப் பட்டதாரியை யார் அனுப்புவார்கள் என்று கேட்கலாம். யாரும் அனுப்ப வேண்டாம். பட்டதாரிக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. பரோடாவின் கதை அதைக் காட்டும்.

பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சித் துறையில் பேராசிரியராக இருந்தவர் பிரமிளா பாடக். குழந்தைகளின் வளர்ச்சியை அளக்க அமெரிக்காவின் நான்சி பேய்லி உருவாக்கிய அளவுகோலைத்தான் அப்போது உலகமே பயன்படுத்திக்கொண்டிருந்தது. அமெரிக்கக் குழந்தையை வைத்துச் செய்த அளவுகோலால் குஜராத்திக் குழந்தையை அளந்தால் யாருடைய குறை தெரியும், குழந்தையுடையதா, அளவுகோலுடையதா? பாடக் குழுவினர் பரோடா குழந்தைகளை மாதாமாதம் பரிசோதித்து இந்திய அளவீடுகளை வகுத்தனர். உடலியக்கத்துக்கு 67 உருப்படிகள், அறிவு வளர்ச்சிக்கு 163 என்று அமைந்த அந்தக் கருவி பிறந்த குழந்தை முதல் 30 மாதம் வரை அளக்கும். டாஸி என்ற சுருக்கப் பெயரில் இன்றும் மருத்துவமனைகளில் புழங்குகிறது.

ஆனால் 230 உருப்படிகளையும் வைத்துக்கொண்டு அங்கன்வாடியில் உட்கார முடியாது. அடுத்த வேலையைத் திருவனந்தபுரம் செய்தது. அங்குள்ள குழந்தை வளர்ச்சி மையத்தில் எம்.கே.சி. நாயரும் சகாக்களும் பரோடா அளவீடுகளிலிருந்து 17 உருப்படிகளை மட்டும் பொறுக்கியெடுத்து 1991இல் ஒரே தாளில் அடங்கும் அட்டவணை ஆக்கினார்கள். தாளின் அடியில் மாதங்கள், மேலே ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு கோடு. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன கோடுகளில் ஏதாவது ஒன்றைக் குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சில நிமிட வேலை. ஓர் அங்கன்வாடி டீச்சர் அரைநாளில் கற்றுக்கொண்டுவிடலாம்.

பரோடாவில் பல ஆண்டுப் பல்கலைக்கழக உழைப்பு, திருவனந்தபுரத்தில் ஒரு தாள், கடைசியில் கிராமத்தில் ஒரு பென்சில். முதுகலைப் பட்டத்தின் இடம் இந்த வரிசையில் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. பின்னால் இருப்பதாலேயே அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததாலேயே பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவதும் அதற்குத்தான்.

அப்படி இரண்டு ஆண்டுகள் என்னதான் படிக்கிறார்கள்? மூளை வளர்ச்சி, மொழி, குடும்பம், மாற்றுத்திறன், ஆய்வு முறை என்று தாள்கள் இருக்கும். ஆனால் இந்தப் படிப்பின் முதுகெலும்பு ஆய்வகப் பள்ளி. பரோடாவிலும் டெல்லி லேடி இர்வின் கல்லூரியிலும் கோவை அவினாசிலிங்கத்திலும் வளாகத்துக்குள்ளேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் மரபு உண்டு. மாணவிக்கு அங்கே முதலில் கிடைக்கும் வேலை கற்பிப்பது அல்ல, மூலையில் உட்கார்ந்து பார்ப்பது. 'சிறுவன் கோபமாக இருந்தான்' என்று குறிப்பெழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். கட்டையைத் தூக்கி எறிந்தான், உதட்டைக் கடித்தான், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான் என்று கண்டதை மட்டும் எழுத வேண்டும். காரணம் பிறகு. பெற்றோருக்கே கைவராத ஒழுக்கம் இது.

வேலைவாய்ப்பு இல்லாத துறை என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மைதான். தமிழ்நாட்டில் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்குத் தேர்வாணையம் ஏற்கும் பட்டங்களில் குழந்தை வளர்ச்சியும் மனையியலும் உண்டு. ஏறத்தாழ 25 அங்கன்வாடிகளுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற கணக்கில் அங்கன்வாடித் துறையிலேயே இன்னொரு வரிசை இருக்கிறது. தேசிய சிறார் நலத் திட்டம் 2013இல் வந்தபின் மாவட்டந்தோறும் திட்டமிடப்பட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையங்களுக்கு ஆட்கள் தேவை. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம். மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை ஒரே கட்டமாக்கியது 2020இன் தேசியக் கல்விக் கொள்கை. இடங்கள் இருக்கின்றன, சம்பளம்தான் இடத்துக்குத் தகுந்த மாதிரி இல்லை.

அந்தமானின் தனிச் சிக்கலுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3.8 லட்சம். தாய்மொழியாக வங்காளம் பேசுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 28, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. பிறகு நிக்கோபாரி, ராஞ்சியிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சாத்ரி, 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன் மக்களின் மொழி. கட்சால் தீவில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். அக்கம்பக்கம் நிக்கோபாரிகள். கடைத்தெருவில் எல்லோருக்கும் பொதுவாக அந்தமான் இந்தி. மூன்று வயதுப் பிள்ளை வீட்டில் ஒன்றும் விளையாட்டில் இன்னொன்றும் பால்வாடியில் வேறொன்றும் கேட்கிறது.

இது பிள்ளையைக் குழப்புமா? ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் செய்து 1984இல் வெளியிட்ட சோதனை தமிழ்க் காதுக்கு நன்றாகப் புரியும். இந்தியின் 'ட', 'த' இரண்டையும் ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்குப் பிரித்துக் கேட்கவே வராது. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த ஆறு, எட்டு மாதக் குழந்தைகளோ சுலபமாகப் பிரித்தன. அதே வீட்டுக் குழந்தைகள் பத்து, பன்னிரண்டு மாதம் ஆகும்போது அந்தத் திறனை இழந்திருந்தன. குழந்தையின் காது எல்லா மொழிக்கும் திறந்தபடி பிறக்கிறது, சுற்றிலும் கேட்காததை மெல்ல மெல்லக் கைவிடுகிறது. பல மொழி கேட்டு வளரும் கட்சால் குழந்தை கைவிடுவது குறைவு. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலந்து பேசுவதும் கோளாறு இல்லை. இருமொழிக் குழந்தைகள் எல்லாம் செய்வது அது.

இங்கேதான் பயிற்சி பெறாத கண் தடுக்கி விழுகிறது. பால்வாடியில் வாயே திறக்காத மூன்று வயதுப் பிள்ளையைப் 'பேச்சு வரவில்லை' என்று எழுதிவிடுவார்கள். வீட்டில் அது தாய்மொழியில் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கும். புதிய மொழிக்குள் நுழையும் குழந்தைகள் பல வாரங்கள் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பது வழக்கமான கட்டம். உண்மையிலேயே பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் தாமதம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அந்த வீட்டு மொழி தெரிந்த ஒருவர் வேண்டும், அல்லது தாயிடம் சரியான கேள்விகளைக் கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஒடிசா தன் அங்கன்வாடிகளுக்குப் பழங்குடி மொழிகளிலேயே 'நுவா அருணிமா' என்ற பாடத்திட்டத்தைத் தயாரித்தது. அந்தமானின் சின்னப் பரப்புக்கு அது எட்டாத காரியமா என்ன?

நிக்கோபார் இன்னொரு பாடத்தை வைத்திருக்கிறது. பெருநிலத்துப் பாடநூலில் குடும்பம் என்றால் தாய், தந்தை, குழந்தை, அதிகம் போனால் தாத்தா பாட்டி. கார் நிக்கோபாரில் 'துஹேத்' என்ற பெருங்குடும்பம்தான் நிலத்துக்கும் தோப்புக்கும் உரிமை உள்ள அலகு. பிள்ளைகளும் அதன் பொறுப்பு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தீவுகளில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் அரசுக் கணக்கில் ஏறத்தாழ 3,500 பேர், பெரும்பாலும் நிக்கோபாரில். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அடுத்த வாரங்களிலேயே முகாம்களுக்குப் போய்க் குழந்தைகளையும் பெரியவர்களையும் பரிசோதித்து ஆய்வுகளை வெளியிட்டார்கள். சுரேஷ் படா மத், குழந்தை மனநல மருத்துவர் சதீஷ் கிரிமாஜி ஆகியோர் அக்குழுவில் இருந்தவர்கள். சமூகமாகச் சேர்ந்து வாழும் பழக்கம் மனத்துக்குக் காப்பாக நின்றதை அவர்கள் பதிவு செய்தார்கள். அதே காலத்தில் நிவாரணம் துஹேத்துக்குப் போகாமல் தனித்தனிக் குடும்பங்களுக்குப் போனது. கூட்டு வாழ்க்கையை அது எப்படிக் கலைத்தது என்று ஆய்வாளர் சிம்ரன் ஜித் சிங் விரிவாக எழுதியிருக்கிறார். உதவி செய்யப் போன இடத்தில் பிள்ளையை யார் வளர்க்கிறார்கள் என்று கேட்கத் தெரியாமல் போனதன் விலை அது. குழந்தை வளர்ச்சி படித்த ஒருவர் திட்டமிடும் மேசையில் இருந்திருந்தால் முதல் கேள்வியே அதுவாக இருந்திருக்கும்.

தீவுக்கான ஆசிரியரை வெளியூர் அனுப்பிப் பயிற்றுவிப்பது புது யோசனையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தியவர் சென்னை மாகாணத்திலிருந்து போன வேதப்பன் சாலமன். அவரிடம் படித்த நிக்கோபாரிச் சிறுவன் ஒருவன் பர்மாவின் மாண்டலேக்கு அனுப்பப்பட்டான். திரும்பி வந்து சொந்த மக்களுக்கே ஆசிரியரானான். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்து, பிஷப் ஆகி, 1952இல் முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபாரின் நியமன உறுப்பினராகவும் அமர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் அவர்தான். பயிற்சியை வெளியே பெற்றார், பாடம் நடத்தியது தன் மொழியில். இன்றைய திட்டங்கள் பலவும் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகின்றன.

பட்டம் பெற்ற ஆசிரியர் இருந்தால்தான் குழந்தை தேறுமா என்ற பழைய சர்ச்சையைத் தொடாமல் போக முடியாது. அமெரிக்காவின் மிச்சிகனில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பருவப் பள்ளி ஆய்வு உலகப் புகழ் பெற்றது. 123 ஏழைக் குழந்தைகளை நாற்பது வயது தாண்டியும் பின்தொடர்ந்தார்கள். பள்ளிக்குப் போனவர்களிடம் வேலை, வருமானம் கூடுதல், குற்ற வழக்குகள் குறைவு. அங்கே ஆசிரியர்கள் எல்லோரும் பட்டதாரிகள். ஐந்தாறு பிள்ளைக்கு ஒருவர், வாரம் ஒருமுறை வீட்டுக்கும் போனார்கள். அப்படியானால் பட்டம் கட்டாயம் என்று தோன்றும்.

ஜமைக்கா வேறு விதமாகச் சொல்கிறது. ஆய்வாளர் சாலி கிரந்தம்-மெக்ரெகர் 1980களில் கிங்ஸ்டன் நகரில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வாராவாரம் போனார்கள். கையால் செய்த பொம்மைகளை வைத்துத் தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடப் பழக்கியதுதான் அவர்களின் வேலை. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் 25 சதவீதம் அதிகம். பணியாளர்களிடம் பட்டம் இல்லை. ஆனால் என்ன பொம்மை, எந்த வாரம், எப்படிப் பேசுவது என்று வகுத்துக் கொடுத்து, கூடவே இருந்து திருத்தியவர்கள் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள்.

தமிழ்நாட்டுச் சான்று இன்னும் நெருக்கமானது. அலெஹாந்த்ரோ கனிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் 4 மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதியில் மட்டும் பாடத்துக்கென்றே அரைநேர ஊழியர் ஒருவரைச் சேர்த்தார்கள். உள்ளூர்ப் பெண்கள், சில நாள் பயிற்சி, குறைந்த சம்பளம். ஒன்றரை ஆண்டில் அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முந்தினார்கள். பழைய பணியாளருக்கு நேரம் மிச்சமானதால் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. கைகள் பற்றாமல்தான் பால்வாடி தடுமாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றையும் சேர்த்து வைத்தால் அந்தமானுக்கான கணக்கு கிடைக்கும். ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் உள்ளூர் மொழி பேசும் இன்னொரு கை. இருபது, இருபத்தைந்து மையங்களுக்கு ஒரு முதுகலை. அந்த முதுகலைக்காரர் அலுவலகத்தில் பதிவேடு சரிபார்க்காமல் டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். தீவுக்குத் தீவு கப்பல் நேரம் பார்த்துப் போக வேண்டிய வேலை என்பதால் எண்ணிக்கையைப் பெருநிலத்து விகிதத்தில் போட்டால் காகிதத்தில் மட்டும்தான் நடக்கும்.

இப்போது என்ன நடக்கிறது? கல்விக் கொள்கை, பிளஸ் டூ முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ், மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயம் என்றது. டி.டி.எச். சேனல் வழியாகவும் செல்போன் வழியாகவும் பயிற்சி தரலாம் என்றும் சொன்னது. 2023இல் தொடங்கிய 'போஷன் பீ, படாயீ பீ' திட்டம் மூன்று நாள் பயிற்சியோடு கிளம்பியது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் இழுத்த கண்ணாடியிழைக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்ததால் போர்ட் பிளேரிலும் கார் நிக்கோபாரிலும் கமோர்டாவிலும் இணையம் தேறியது. அந்தக் கேபிள் தொட்ட தீவுகளின் பட்டியலில் கட்சால் இல்லை.

திரை வழிப் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வாளர் பட்ரிசியா கூல் 2003இல் அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கச் செய்தார். நேரில் ஒருவர் விளையாடிப் பேசியபோது கற்றுக்கொண்டன. அதே ஆள், அதே கதை, தொலைக்காட்சித் திரையில் வந்தபோது ஒன்றும் ஏறவில்லை. பெரியவர்கள் திரையில் கற்கக்கூடியவர்கள்தான். ஆனால் மூலையில் உட்கார்ந்து குழந்தையைப் பார்க்கும் கலையைத் திரை சொல்லித்தராது. பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

பக்கத்தில் இருப்பது என்றால் என்ன என்று தீவுகளுக்குத் தெரியும். ரங்கத்தில் பிறந்த துணைச் செவிலியர் சாந்தி தெரசா லக்ரா 2001 முதல் லிட்டில் அந்தமானின் டூகாங் க்ரீக்கில் ஓங்கே பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். அவர்கள் மொழியைக் கற்று, அவர்களோடு தங்கி, மருத்துவமனைக்கு அஞ்சிய தாய்மாரின் நம்பிக்கையைப் பெற்றார். 2011இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் கையாண்டது செவிலியர் படிப்புதான். அந்த அளவு பொறுமைக்குக் குழந்தை வளர்ச்சிப் படிப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கான அடித்தளம் போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரத்தில், ஏற்கெனவே இருக்கிறது. பி.எட். தரும் தாகூர் அரசுக் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. முன்பருவக் கல்விப் பட்டயத்தை 1990களிலிருந்து நடத்திவரும் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு மண்டல மையம் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வளாகம் கடலுயிரியலிலும் கடலோரப் பேரிடர் மேலாண்மையிலும் முதுகலை நடத்துகிறது. பவளப்பாறையையும் சுனாமியையும் அந்த இடத்திலேயே இருந்து படிக்க வேண்டும் என்று உணர்ந்த பல்கலைக்கழகம், அந்தத் தீவுகளின் குழந்தைகளையும் அங்கேயே இருந்து படிக்க ஒரு துறை தொடங்க வேண்டும். ஓர் ஆய்வகப் பள்ளி, வங்காளமும் தமிழும் தெலுங்கும் நிக்கோபாரியும் பேசும் மாணவர்களுக்கு ஒதுக்கீடு, ஒவ்வொருவருக்கும் ஒரு பருவம் வெளித்தீவில் களப்பணி. இவ்வளவு போதும், ஆரம்பிக்கலாம்.

அதுவரை, கோவையிலோ சென்னையிலோ இந்தப் படிப்பை முடிக்கப்போகும் மாணவிகள் ஆய்வேட்டுக்குக் களம் தேடும்போது அந்தமானையும் நினைத்துப் பார்க்கலாம். நிக்கோபாரின் பழங்குடிப் பகுதிகளுக்கு 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டப்படி முன்கூட்டியே பாஸ் வாங்க வேண்டும். டிக்லிபூருக்கும் ரங்கத்துக்கும் ஹட் பேக்கும் அது தேவையில்லை, அங்கன்வாடித் துறையின் அனுமதி வாங்கிக்கொண்டால் போதும். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் மூன்று நாள்.